ஒப்பீட்டுக்கு ஒரு அழகுமலை

ஆனையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மறுதிறன் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. வேலை போனவர்களுக்கு அரசாங்கச் செலவில் வேறு வேலை கற்றுக்கொடுத்து, அவர்களுடைய சம்பாத்தியத்தை உயர்த்திவிடுவது அதன் நோக்கம். கீழே முகூர்த்தம் இருக்கிற நாட்களில் மட்டும் பயிற்சி கிடையாது. நாற்காலிகள் பந்திக்குப் போய்விடும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வேலையில்லாதவர்கள் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த மாடிப்படியில் சின்னக்கருப்பன் ஏறியது, மில் மூடிய இரண்டாவது மாதம். பத்தொன்பது வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான். மில் மூடியதும் விளாங்குடி வீட்டில் மிக்சியைக் கழற்றினான், மாட்டினான். மின்விசிறியைக் கழற்றினான், மாட்டினான். நைட்டி தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி தங்கப்பொண்ணு, அவன் பார்வை தன் தையல் மெஷின் பக்கம் திரும்பிய அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

“இதுல கை வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். எங்கிட்டாவது போயி ஒரு வேலையத் தேடுங்க.”

அவனுக்கும் வேண்டியது அவ்வளவுதான். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம், அங்கே ஒரு மெஷின்.

கூடவே ஏறியவன் அழகுமலை. அதே மில், அதே ஷிஃப்ட், அதே ஃபிட்டர் வேலை. ஒருவரை ஒருவர் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் வீட்டில் யார் பெண்ணெடுத்தார்கள் என்று அவர்களும் யோசித்ததில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை.

மாடியில் மில்காரர்கள் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் குடம், அதற்குள் மடித்துப் போட்ட சீட்டுகள். குலுக்கல் என்று தெரிந்ததும், பரிசு குக்கர் என்று ஒருவரும், இல்லை, மிக்சிதான் என்று இன்னொருவரும் உறுதியாகச் சொன்னார்கள். சின்னக்கருப்பனுக்கு ‘பயனாளி’ என்று விழுந்தது. அழகுமலைக்கு ‘ஒப்பீட்டாளர்’ என்று விழுந்தது. எது பெரிய பரிசு என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

திட்ட இயக்குநர் முத்துக்குமரன் எழுந்து விளக்கினார். நிதானமான மனிதர். எதைச் சொன்னாலும் இரண்டு விரலைக் காட்டித்தான் சொல்வார்.

“ரெண்டு பிரிவு. பயனாளிகள் இருபது பேருக்கு தொண்ணூறு நாள் பயிற்சி. ஒப்பீட்டாளர்கள் இருபது பேருக்கு ஒண்ணும் கிடையாது. பயிற்சியால உங்க வாழ்க்கை எம்புட்டு உசந்துச்சுன்னு அளக்கணுமில்லையா? அளக்கணும்னா பக்கத்துல உசராத ஆளு வேணும். அதுதான் ஒப்பீட்டாளரோட தேசப் பங்களிப்பு.”

“நாங்க என்ன செய்யணுங்க?” என்று அழகுமலை கேட்டான்.

“சும்மா இருக்கணும்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“ஆய்வு முடியிற வரைக்கும்.”

அழகுமலை வீட்டுக்குப் போய்விட்டான். சின்னக்கருப்பன் மேஜைக்கு முன்னால் நின்று, தனக்கு மெஷின் தெரியும், புதுமாதிரி மெஷின் ஏதாவது சொல்லிக்கொடுத்தால் நல்லது என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான். முத்துக்குமரன் பொறுமையாகக் காரணம் சொன்னார்.

“தெரிஞ்சதையே சொல்லிக்கொடுத்தா அது மறுபடியும் பயிற்சி. மறுபயிற்சின்னா தெரியாததைச் சொல்லிக்கொடுக்கணும். உங்களுக்கு எது சுத்தமா வராது?”

சின்னக்கருப்பன் யோசித்தான். நாலு பேரிடம் சிரித்துப் பேச வராது என்று உண்மையைச் சொன்னான். அந்த நிமிஷமே ‘வாடிக்கையாளர் வரவேற்பு நிர்வாகி’ என்று அவன் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது.

பயிற்சியின் முதல் மாதம் சிரிப்பு. மேல்வரிசையில் எட்டுப் பல் தெரிகிற மாதிரி சிரிக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொன்னது. சின்னக்கருப்பனுக்கு முன்பல் ஒன்று மில்லில் ஸ்பானர் நழுவி அடித்ததில் போயிருந்தது. எவ்வளவு இழுத்துச் சிரித்தாலும் ஏழுதான் வந்தது. அவனுடைய அட்டையில் ‘வளர்ச்சி தேவை’ என்று எழுதினார்கள். இரண்டாவது மாதம் கை கூப்புவது. மூன்றாவது மாதம், கூப்பிய கையைப் பிரிக்காமலே சிரிப்பது. கண்ணாடி முன்னால் அவன் சிரித்துப் பழகுவதைப் பார்த்த தங்கப்பொண்ணு, “யாரப் பரிகாசம் பண்றீங்க?” என்று கேட்டுவிட்டு நைட்டிக்குக் கழுத்து வெட்டப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் சும்மா இருக்க வேண்டிய அழகுமலை சும்மா இருக்கவில்லை. டீக்கடை வாசலில் நூல் மூட்டை ஏற்றி நின்ற ஒரு வேன்காரரிடம், எங்கே போகிறது என்று விசாரித்தான். விளாங்குடிக்கு உள்ளே ஹரிநாராயணன் என்பவர் துண்டு நெய்கிற தறி போட்டிருக்கிறார், ஃபிட்டர் இல்லாமல் பாதித் தறி நிற்கிறது என்று தெரிந்தது. அதே வேனில் ஏறிப் போனான். மூன்றாம் நாள் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான். தறி அவனுக்குப் புதுசுதான். ஹரிநாராயணன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டான்.

“மாப்ள, பக்கத்துலயே சாயப்பட்டறையில ஆள் கேக்குறாங்க. நாளைக்கே வா” என்று சின்னக்கருப்பனுக்கும் வந்து சொன்னான்.

சின்னக்கருப்பன் ஓடிப்போய் மாடியில் கேட்டான். பாதியில் போனால் ‘இடைநின்றவர்’ என்று பதிவாகும், சான்றிதழ் கிடைக்காது, சான்றிதழ் இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். நியாயமாகத்தான் பட்டது. கூப்பிய கையோடு உட்கார்ந்துகொண்டான். சாயப்பட்டறைக்கு வேறு ஆள் போய்விட்டார்.

தொண்ணூறாவது நாள், வேலையில் அமர்த்தும் விழா. சான்றிதழ் கொடுத்த கையோடு, இன்றே இருபது பேரும் வேலையில் அமர்த்தப்படுவார்கள் என்று அறிவித்தார்கள். தங்கப்பொண்ணு இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு சின்னக்கருப்பன் போயிருந்தான். மேடையில் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகை. பெயர் கூப்பிட்டார்கள், போனான், உட்கார்ந்தான், படம் எடுத்தார்கள், எழுந்திருக்கச் சொன்னார்கள். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார். இருபது பேரும் உட்கார்ந்து எழுந்ததும் விழா முடிந்தது.

“ஐயா, எப்ப வேலைக்கு வரணும்?” என்று சின்னக்கருப்பன் கேட்டான்.

“அதான் அமர்த்தியாச்சே.” முத்துக்குமரன் படத்தைக் காட்டினார். “அமர்ந்திருக்கீங்களா இல்லையா?”

“எந்திரிக்கச் சொன்னாங்களே.”

“அமர்த்துறதுதான் எங்க பொறுப்பு. எந்திரிக்கிறது உங்க சொந்த முடிவு.”

அதன் பிறகு நாலு மாதம் அவன் சான்றிதழை எடுத்துக்கொண்டு அலைந்தான். ஜவுளிக்கடையில், ஆஸ்பத்திரியில், ஓட்டலில், எல்லா இடத்திலும் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்கள். வாசலில் நின்று வரவேற்க வேண்டிய ஆளே தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு ஓட்டலில் மட்டும் கிரைண்டர் ரிப்பேர் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சந்தோஷமாகச் சொன்னான். அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஐந்தாவது மாதம், ஆய்வுக்காரப் பெண் வித்யாஸ்ரீ வந்தாள். படித்த, பொறுப்பான பெண். நாற்பது வீட்டுக்கும் வெயிலில் நடந்தே போய்க் கேட்டு எழுதினாள். மறுவாரம் மாடியில் கூட்டம். சின்னக்கருப்பனை மாதிரிக்கு ஒருவராகக் கூப்பிட்டு, சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். வித்யாஸ்ரீ கண்டதை அப்படியே படித்தாள். பயிற்சி பெற்ற இருபது பேரில் வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேர். பயிற்சி பெறாத இருபது பேரில் வேலையில் இருப்பவர்கள் பதிமூன்று பேர்.



“வருமானம்?” என்றார் முத்துக்குமரன்.

“இவருக்குப் பயிற்சிக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல சார். இப்பவும் ஒண்ணும் இல்ல.”

“குறையலை இல்ல? வருமான வீழ்ச்சி முற்றிலும் தடுக்கப்பட்டதுன்னு எழுதுங்க.” பிறகு இரண்டு விரலைத் தூக்கினார். “இதுல ரெண்டு விஷயம். பயிற்சியில குறையே இல்ல. குறை ஒப்பீட்டாளர்கள்கிட்ட. சும்மா இருங்கன்னு தெளிவாச் சொல்லியிருந்தோம். பதிமூணு பேரு கட்டுப்பாடே இல்லாம வேலைக்குப் போயிருக்காங்க. இந்த மாதிரி அலட்சியம் இருந்தா எந்தத் திட்டம்தான் ஜெயிக்கும்? எங்களோட இத்தனை பேரு சம்பளம் இந்த ஒரு ஆய்வை நம்பித்தான் இருக்கு. அதையாவது அவங்க நினைச்சுப் பாத்திருக்கலாம்.”

கூட்டம் அதை ஒப்புக்கொண்டது. அன்று மாலையே பட்டறைக்காரர்களுக்கு ஒரு கடிதம் தயாரானது. சான்றிதழ் இல்லாதவர்களைப் பணியில் வைத்திருப்பது திறன் வளர்ச்சிக்குக் குந்தகம் என்றும், அப்படி வைத்திருக்கும் இடங்களில் ஆய்வு நடத்தப்படலாம் என்றும் அதில் இருந்தது.

ஹரிநாராயணனுக்கு அந்தக் கடிதத்தில் ‘ஆய்வு’ என்கிற ஒரு சொல்தான் தெரிந்தது. அவர் கோபம் வந்தால் தன் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் திட்டுவார், பயம் வந்தால் சுத்தமான தமிழுக்கு மாறிவிடுவார். அன்று அழகுமலையைக் கூப்பிட்டு, “தயவுசெய்து நீங்கள் ஒரு சான்றிதழ் பெற்றுக்கொண்டு வாருங்கள்” என்றார். அழகுமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதத்தில் அவர் அவனை ‘நீங்கள்’ என்று சொன்னதே இல்லை.

அழகுமலை மாடிக்கு ஓடினான். தனக்கும் அந்தச் சிரிப்பையோ கும்பிடையோ சொல்லிக்கொடுத்து ஒரு தாள் கொடுத்துவிடும்படி கேட்டான். முத்துக்குமரன் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“நீங்க ஒப்பீட்டாளர். உங்களுக்குப் பயிற்சி கொடுத்துட்டா அப்புறம் எதோட ஒப்பிடறது?”

“வேலையும் செய்யக்கூடாது, பயிற்சியும் கிடையாதுன்னா நான் என்னதாங்க செய்யிறது?”

“இம்புட்டு தெளிவா நீங்களே சொல்லிட்டீங்களே.”

அதே வாரம் சின்னக்கருப்பனுக்குப் போன் வந்தது. சான்றிதழ் உள்ள ஆள் ஒருவர் உடனடியாகத் தேவை, துண்டுத் தறிப் பட்டறை, விளாங்குடி. அங்கே அப்படிப் பட்டறை நிறைய இருந்ததால் எது என்று அவன் யோசிக்கவில்லை. அவன் சந்தோஷத்தில் வீட்டுக்குள் இரண்டு தடவை நடந்தான். தங்கப்பொண்ணு தைத்துக்கொண்டிருந்த நைட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அவனுக்குக் காபி போட்டாள். பட்டறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான், ஸ்பானர் பையோடு எதிரே நின்றிருந்த அழகுமலையைப் பார்த்தான்.

“வா மாப்ள. நீதான் வாரன்னு மொதலாளி சொன்னாரு.” அழகுமலை பையை நீட்டினான். “ஏழாம் நம்பர் தறி கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும். வலது பக்க வார் இழுவையப் பாத்துக்க.”

அழகுமலை திட்டியிருந்தால் சின்னக்கருப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பையை வாங்கிக்கொண்டான். வாங்கின கை நாள் முழுக்கக் கூசியது. வேலையும் ஓடவில்லை. நூற்கிற மெஷின் வேறு, நெய்கிற தறி வேறு. மத்தியானத்துக்குள் ஏழு தறி நின்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அழகுமலைக்குப் போன் போட்டு, அவன் வீட்டில் இருந்தபடி சொல்லச் சொல்லச் சரி பண்ணினான். ஹரிநாராயணன் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி நடந்துபோனார்.

இரண்டாவது ஆய்வின் முடிவை முத்துக்குமரனே படித்தார். “பயிற்சி பெற்றவங்க பக்கம் ஒண்ணு கூடியிருக்கு. பயிற்சி பெறாதவங்க பக்கம் ஒண்ணு குறைஞ்சிருக்கு. ரெண்டுக்கும் உள்ள இடைவெளி ரெண்டு நகர்ந்திருக்கு. ஒரே ஒரு வேலையில ரெண்டு முன்னேற்றம்.”

சுவரோரம் நின்றிருந்த சின்னக்கருப்பன், கேட்கவில்லை என்றால் மண்டை வெடித்துவிடும் போல இருந்ததால் கேட்டான். “ஐயா, முன்னாடியும் அந்தப் பட்டறையில ஒரு ஃபிட்டருதான். இப்பவும் ஒரு ஃபிட்டருதான். இதுல என்னங்க கூடுச்சு?”

“நீங்க மனுஷனை எண்ணுறீங்க,” என்றார் முத்துக்குமரன் அன்பாக. “நாங்க வித்தியாசத்தை எண்ணுறோம்.” மற்ற பன்னிரண்டு பட்டறைகளுக்கும் கடிதத்தை நினைவூட்டுவது என்று தீர்மானித்துக் கூட்டம் கலைந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவனுக்குத் தங்கப்பொண்ணு சோற்றை வைத்துவிட்டுக் குழம்பை ஊற்றாமல் நின்றாள்.

“அழகுமலை அண்ணன் சம்சாரம் இன்னிக்கு வந்துச்சு. ஒண்ணுமே சொல்லல. எனக்கு நைட்டிக்குப் பொத்தான் கட்டிக் கொடுக்கட்டுமான்னு கேட்டுச்சு. எனக்கு முகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.” குழம்பை ஊற்றினாள். “அந்த மனுஷன் வேலைய அந்த மனுஷன்கிட்டயே கொடுத்துருங்க. நம்ம எப்படியோ பொழச்சுக்கலாம்.”

சின்னக்கருப்பனுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஹரிநாராயணனிடம் போய் விலகிக்கொள்வதாகச் சொன்னான். ஹரிநாராயணன் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு சௌராஷ்டிரத்தில் யாரையோ நன்றாகத் திட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

“எனக்கு என்ன வேணும்? கீழ தறி ஓடணும். சுவத்துல காகிதம் தொங்கணும். காகிதம் உன்னுது இருக்கட்டும், தறி அவன் ஓட்டட்டும். யாராவது வந்து கேட்டா அவன் பேரு சின்னக்கருப்பன். இதுல யாருக்கு என்ன கேடு?”

அப்படியே ஆனது. சின்னக்கருப்பனின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்ப் பட்டறைச் சுவரில் ஏறியது. அழகுமலை அதன் கீழே நின்று சின்னக்கருப்பனாக வேலை பார்த்தான். முதல் வாரம் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். அப்புறம் பழகிவிட்டது. தாளைப் பட்டறையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு சைக்கிளில் கிளம்பிய சின்னக்கருப்பனுக்கு மூன்றாம் நாளே வேலை கிடைத்தது. கீழக்குயில்குடிப் பக்கம் நல்லகாமன் என்பவரின் நெல் அரவை மில்லில் மோட்டார் திணறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கேட்டவன், பேரிங் போயிருக்கிறது என்றான். கழற்றிப் பார்த்தார்கள், போயிருந்தது. நல்லகாமன் வேறு எதையும் கேட்கவில்லை. தங்கப்பொண்ணு அன்று குழம்போடு அப்பளமும் பொரித்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வித்யாஸ்ரீ போனில் கேட்பாள். துண்டுத் தறிப் பட்டறையில் வேலை, எல்லாம் பயிற்சியால் வந்தது என்று சின்னக்கருப்பன் சொல்வான். சும்மாதான் இருக்கிறேன் என்று அழகுமலை சொல்வான். வேறு மாதிரி சொன்னால் பட்டறைக்குக் கடிதம் வரும். நாக்கில் பொய் ஒட்டுகிற முதல் தடவைதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, அரவை மில்லுக்கு லீவு. சின்னக்கருப்பன் பட்டறைக்கு வந்து தறிகளுக்கு நடுவில் அழகுமலையோடு பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தன் போனில் வித்யாஸ்ரீ பெயரைப் பார்த்த அழகுமலை, இவனும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

“அண்ணே, இப்ப என்ன செய்யிறீங்க?”

“சும்மாதாம்மா இருக்கேன்.”

இருபத்து நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

“என்னண்ணே சத்தம்?”

“பக்கத்து வீட்டுல போர் போடுறாங்க.”

“போன தடவையும் போர் போட்டாங்களே?”

“இன்னும் தண்ணி வரலம்மா.”

அவள் எழுதி முடிக்கிற வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவள் குரல் இளகியது. “அண்ணே, மனசு விட்டுறாதீங்க. நீங்க சும்மா இருந்தது வீண் போகல. உங்க கணக்கையும் சின்னக்கருப்பன் அண்ணன் கணக்கையும் பாத்துத்தான் திட்டம் ஜெயிச்சுருச்சுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லா மாவட்டத்துக்கும் போகுது.”

சின்னக்கருப்பன் அழகுமலையின் முகத்தைப் பார்த்தான். அழகுமலை தறியைப் பார்த்துக்கொண்டே போனில் கேட்டான்.

“அங்கயும் இந்த மாதிரி ஒப்பீட்டாளரு எடுப்பாங்களாம்மா?”

“ஆமாண்ணே. மாவட்டத்துக்கு இருபது பேரு. குலுக்கல்ல பேரெல்லாம் விழுந்துருச்சு.”

“அதுல யாரும் இப்ப வேலைக்குப் போயிக்கிட்டு இருக்காங்களா?”

“நிறையப் பேரு போறாங்கண்ணே,” என்றாள் வித்யாஸ்ரீ. “அதான் இந்தத் தடவ கடிதத்த முன்கூட்டியே அனுப்பிட்டாங்க.”